நாற்பது விநாடி அழுகை

14 மார்ச் 1999, ஞாயிறு

புதுப் பிரிண்டில் படம் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இங்கே தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில் எடுத்த படம். இந்த ஊருக்கென்று இருக்கும் ஒரே படம். டைரக்டர் இப்போது ஒலியை மாற்றியிருக்கிறார், போகட்டும். அழுகைக் காட்சியையே வெட்டிவிட்டார்! சுரங்கத்தில் விபத்து, ஷாஃப்ட் வாசலில் பெண்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும். அதில் தன் ஆள் இல்லையென்று கண்டு ஒருத்தி மண்ணில் விழுந்து புரளுவாள். நாற்பது விநாடி. அதற்காகவே முப்பது தடவை பார்த்திருப்பேன்.

தியேட்டர் வாசலிலேயே கத்தினேன். ஃபாக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷின்காரன் வால்டர், "அவரு படம், அவரு வெட்றாரு. உனக்கு இன்னாடா?" என்றான். ரிலீஸ் ஆன பிறகு படம் பார்த்தவனுக்குத்தான் சொந்தம் என்றேன். ஏதோ சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

16 மார்ச்

வால்டரோடு பேச்சில்லை.

21 மார்ச், ஞாயிறு

ரசிகர் மன்றக் கூட்டம். முதலில் ரூபேஷ் மட்டும் புதுசுதான் நல்லா இருக்கு என்றான். சின்னப் பையன்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். டைரக்டருக்கு நான் எழுதிய கடிதத்தைப் படித்தேன். "எங்கள் மக்களின் கண்ணீரை வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை." கைதட்டல். எதிர்த்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் அறுபத்திரண்டு. வாரப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தாயிற்று.

அந்தக் காட்சியில் நடித்த வேலம்மாள் இங்கேதான் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறார், அவர் கையெழுத்தும் கிடைத்தால் பின்னாலேயே அனுப்பலாம் என்றார் மன்றத்துச் சின்னசாமி. எனக்குத் தெரியாதா? வெளியூரிலிருந்து யார் வந்தாலும், "அதோ, படத்துல அழுவாங்களே, அவங்கதான்" என்று காட்டுகிறவனே நான்தானே.

22 மார்ச்

எழுதவே கை கூசுகிறது.

ஷிஃப்ட் முடிந்து போனேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். கடிதத்தின் நகலை உரக்கப் படித்தேன். "வேலம்மாளின் ஒப்பற்ற நடிப்பு" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நடிப்பா? இன்னா தம்பி சொல்றே? அன்னிக்குத்தான் எங்க வூட்டுக்காரரு உள்ள மாட்டிகினாரு. கேஜ் வந்துச்சி. அதுல அவரு இல்ல. கேமரா எங்க இருந்துச்சின்னே எனக்குத் தெரியாது."

ஷூட்டிங்காரர்கள் அந்த வாரம் அங்கே தங்கியிருந்தார்களாம். கேட்காமலே படம் பிடித்துவிட்டார்கள். மகள் வாணி எழுதக் கற்ற நாளிலிருந்து, அதை நீக்கச் சொல்லி அந்த டைரக்டருக்கு எத்தனையோ கடிதம். போன வருஷம்தான் அவரே வந்தாராம். "நீ குந்திகினு கீறியே, அதே நாற்காலி. என் மூஞ்சிய நிமிர்ந்து பாக்க முடியல அவரால. எடுத்துடறேம்மான்னாரு. எடுத்துட்டாரு."

பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "நானும் ஒரு தபா தியேட்டருக்குப் போனேன். நான் வுழுந்து அழறேன், ஒன்ஸ் மோர்னு கத்தறாங்க, விசில் அடிக்கிறாங்க. பாதியில எழுந்து வந்துட்டேன்."

அந்த இடத்தில் எப்போதும் முதல் விசில் என்னுடையதுதான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

கிளம்பும்போது, "இத யார்கிட்டயும் சொல்லாத தம்பி. மறுபடியும் என் மூஞ்சியப் பாக்க வருவாங்க" என்றார்.

23 மார்ச்

வால்டரிடம் நானே போய்ப் பேசினேன். "எங்க லைன்ல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும்டா. அந்தம்மா பேசாதீங்கன்னாங்க, பேசல. நீயும் ஒரு நாளும் கேட்டதில்லையே."

உண்மை. அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை கிடைத்து நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோதே படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா விதவை என்று தெரியும். எப்படி, எப்போது? கேட்கத் தோன்றவேயில்லை. இதில் "எங்கள் மக்களின் கண்ணீர்" வேறு!

4 ஏப்ரல், ஞாயிறு

கடிதம் அச்சாகிவிட்டது. பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, சௌந்தரராஜன். கீழே டைரக்டர் இரண்டே வரி பதில் எழுதியிருக்கிறார்: "அந்தக் காட்சியை நான் எடுத்திருக்கவே கூடாது. காரணம் கேட்காதீர்கள்." ஊரே திட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

மன்றத்தில் ஒரே கொதிப்பு. ஆண்டு விழாவில் பழைய படத்தையே போட்டுக் காட்டுவோம் என்றார்கள். அதன் வீடியோ கேசட் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன், மன்றத்திலிருந்தும் விலகுகிறேன் என்றேன். ஏன் என்றார்கள். எழுந்து செருப்பை மாட்டினேன்.

"டைரக்டர்கிட்ட எவ்ளோ வாங்கினே?" என்று கேட்டார் சின்னசாமி. இருபது வருஷப் பழக்கம்.

11 ஏப்ரல்

வேலம்மாளிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு விசில் அடிச்சது நான்தாம்மா."

முறத்திலிருந்து தலை நிமிராமல், "தெரியும்" என்றார். "முன்னால நின்னுகினு இருந்தே. திரும்பிப் பாத்து, இதோ இவங்கதான்னு எல்லாருக்கும் காட்டினியே."

அது எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சீ! அவருக்கு இருபத்து நாலு வருஷமாக மறக்காத ஒன்று, எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து கேசட்டின் நாடாவை உருவி வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

13 ஜூன், ஞாயிறு

காலையில் பெருமழை. டீக்கடையில் சின்னசாமி இன்றும் "விலை போன ஆளு" என்று ஜாடை பேசினார். டீயைக் குடித்து முடித்தேன்.

திரும்பும் வழியில் வேலம்மாள் வாசலில் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "சௌந்தர், கூரைத் தகடு பேந்துகினு ஒழுவுது. வாணி டிரெய்ன்ல பெங்களூர் போயிட்டா. செத்த பாக்கறியா?"

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தேன். மதியம் வரை கூரைமேல்தான் இருந்தேன்.