அடையாளம்: பாய் கடை எதிரில்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. யாழினியின் பள்ளிச் சீருடை ஃபேனுக்கு அடியில்.

போனஸ் வந்துவிட்டது. தீபாவளிக்கு வாங்க வேண்டியவை: யாழினிக்குச் சுடிதார் (ஒரு சைஸ் பெரிதாக). இவருக்குச் சட்டை, வேட்டி இருப்பதே போதும். கடலை மாவு, நெய், எண்ணெய். பட்டாசு, கொஞ்சம். எனக்குப் புடவை ஒன்று. ஒன்றே ஒன்று.

மதியம் எதிரே சலீம் பாயின் ஜவுளிக்கடை. வெந்தயக் கலர், அரக்கு பார்டர். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இதுதான் என்று. "போர்டுல ஆயிரம். உனக்குத் தொள்ளாயிரம் போட்டுக்கோம்மா" என்றார். நாத்தனாருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

காட்டியது நாத்தனாருக்கு இல்லை. போனில் அதே போட்டோவைப் போட்டுத் தேடினேன். அதே புடவை, அதே பார்டர், கூப்பன் போக அறுநூற்று நாற்பது! உடனே ஆர்டர். கொஞ்சம் உறுத்தியது. அறுநூற்று நாற்பதை இன்னொரு முறை பார்த்தேன், உறுத்தல் போய்விட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். சீருடை காய்ந்தது.

துணி சோப்பு, மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், போன மாதம் தனித்தனியாக வாங்கியதே கம்மி. வாங்கவில்லை. எண்ணெய் மட்டும் பஜாரில், பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம். கம்பெனியில் பக்கத்து மிஷின் பர்வீனிடம் சொன்னேன், கேன்டீனில் இரண்டு பேரிடம் சொன்னேன். கம்மியாக வாங்குவதில் பாதி சுகம்தான் இருக்கிறது. மீதி, அதை நாலு பேரிடம் சொல்வதில்.

சுமதி பேசினாள். இவருடைய தங்கை, குடியாத்தத்தில் கொடுத்திருக்கிறது. அவளும் என் ஜாதிதான், விலை விஷயத்தில். போன வருஷம் நான் குக்கர் வாங்கிய விலையைச் சொல்லி முடிப்பதற்குள் "அய்யோ அண்ணி, நான் அதுல நூறு ரூவா கம்மியா வாங்குனேன்" என்றாள். அந்த நூறு ரூபாய் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இந்த முறை பார்த்துக்கொள்கிறேன். புடவை விஷயத்தை அவளிடம் மூச்சுவிடவில்லை. நேரில் கட்டிக்கொண்டு நின்றுதான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

மானம் போயிற்று.

எங்கள் ஷூ கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கையில் வாங்கினால் நாலு மிஸ்டு கால். அப்புறம் ஒரு மெசேஜ்: பார்சல் கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர் சலீம்.

யார் செய்த வேலை? நான் செய்ததுதான். எந்த ஆர்டர் போட்டாலும் விலாசத்துக்குக் கீழே அடையாளம் என்ற இடத்தில் 'பாய் கடை எதிரில்' என்று போட்டு வைத்திருக்கிறேன். வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்க ஆள் இல்லை, பார்சல் கொண்டுவந்த ஆள் திரும்பிப் பார்த்தான், எதிரில் பாய் கடை. கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவர் கடையில் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிய புடவை, அவர் கையிலேயே.

இந்தப் பார்சல் கவரெல்லாம் மெல்லியது. உள்ளே இருக்கும் கலர் வெளியே தெரியும் என்று பர்வீன் சொல்கிறாள். அவளுக்கு எப்போதும் ஆறுதல் சொல்ல வராது.

இவரைப் போய் வாங்கி வரச் சொன்னேன். தோல் கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "நீ பண்ண வேலை, நீயே போ." அவ்வளவுதான் பேச்சு.

அக்டோபர் 10, வெள்ளி

வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியைப் பாய் கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். யாழினி பள்ளி விட்டு வந்து எடுத்துக்கொள்வாள். ஏழு வருஷமாக அந்த ஆணி எங்கள் சாவிக்குத்தான். இன்றைக்கு அவர் முகத்தில் விழிக்கப் பயந்து, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பின் தெரு வழியாக பஸ்ஸுக்குப் போனேன். புத்திசாலி என்று நினைப்பு. பாதி வழியில்தான் யாழினி ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வந்தால், பாய் கடையில் துணிக்கட்டு மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் காலி டீ கிளாஸ், பன் துகள். இனி எங்கே ஒளிவது? படியேறினேன்.

"சாவிய மறந்துட்டியாம்மா? வேலை ஜாஸ்தியா?" என்றார். ஆமாம் என்றேன். கல்லாவுக்குக் கீழிருந்து பார்சலை எடுத்து வைத்தார். கலர் நன்றாகவே தெரிந்தது.

"இங்கயே பிரிச்சுடு. டேமேஜ் இருந்தா திருப்பி அனுப்பறதுக்கு வீடியோ வேணுமாமே. போன குடு, நான் புடிக்கறேன்."

அவர் படம் பிடிக்க, நான் பிரித்தேன். இப்போதும் போட்டுப் பார்க்கிறேன், என் முகம் திருடி மாதிரிதான் இருக்கிறது. நடுவில் பாயின் விரல் வந்து முந்தானையைத் தடவுகிறது. "அதே சரக்கு. பார்டர் ஒழுங்கா இருக்கு, திருப்ப வேணாம்" என்று அவர் குரல்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய்" என்றேன்.

"இன்னா தப்பு? துட்டு உன்னுது. இன்னா ரேட்டும்மா?"

சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டார்.

"அறுநூத்தி நாப்பதா? எனக்கு மொத்த விலையே எழுநூறு பக்கம் ஆவுது. கடைக்கு வாடகை, கரண்டு வேற." புடவையை மறுபடி மடித்து வைத்தார். அழுகை வந்துவிடும் போல இருந்தது எனக்கு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு ஆறு பீஸ் போடுவியா?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும்தான். யாழினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. வீடு ஒட்டடை அடித்தாயிற்று.

பாய் கடையில் ஆர்டர் வேலை. ஆப்பில் ஒரு ஆளுக்கு இரண்டு புடவைதான் தருவானாம். என் கணக்கில் மிச்சம் ஒன்று, இவர் போனில் இரண்டு. மீதிக்குப் பாய் போனிலேயே ஆப் போட்டுக் கொடுத்தேன். புது ஆள் என்று அவருக்கு இன்னும் எண்பது ரூபாய் கம்மி! "நாப்பது வருசமா ஜவுளி விக்கறேன், என்னப் போயி புது ஆளுன்றான்" என்று ஒரே சந்தோஷம். ஆறு கேட்டார், ஐந்து தேறியது. பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

விலாசம் அடிக்கும்போது, "என் கடைக்கு இன்னா அடையாளம் போடறது?" என்றார். 'மஞ்சுளா வீட்டு எதிரில்' என்று போட்டேன்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "ரேட்ட மட்டும் வெளிய சொல்லாதம்மா. சீசன்ல வியாபாரம் படுத்துடும்."

சரி என்று சொல்லிவிட்டேன். பாய்க்குத் தெரியாது, என்னிடம் எவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்டிருக்கிறார் என்று.

அக்டோபர் 16, வியாழன்

ஐந்தும் வந்துவிட்டன. ஒன்றைக் கடை வாசலில் பொம்மைக்கே கட்டிவிட்டார். பொம்மை என்னைவிட சிவப்பு, எடுப்பாக இருக்கிறது. என் புடவைக்கு ஃபால்ஸ் அவர் வீட்டம்மா தைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

பர்வீன் விலை கேட்டாள். கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். பஸ் வரவில்லை.

சாவி ஆணியில்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அதிரச மாவு பதம் சரியாக வந்திருக்கிறது. பட்டாசு மொட்டை மாடியில், வெயிலில்.

காலையில் சுமதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பையைப் பிரித்தாள். வெந்தயக் கலர், அரக்கு பார்டர்.

"எதிர்ல பாய் கடைல இப்பத்தான் எடுத்தேன் அண்ணி. ஆயிரம் சொன்னாரு. நான் வுடுவனா? அரை மணி நேரம் நின்னு பேசி எண்ணூத்தி அம்பதுக்கு முடிச்சேன்!"

அதே நேரம் யாழினி, "அம்மா கூட அதே பொடவ எடுத்திருக்காங்க அத்தை" என்று என்னுடையதைக் கொண்டுவந்து விரித்தாள். 

"அய்யே, அதேதான்! நீங்க இன்னா ரேட்டுக்கு எடுத்தீங்க அண்ணி?"

அறுநூற்று நாற்பது. தொண்டை வரை வந்து நிற்கிறது. குக்கருக்கு, அந்த நூறு ரூபாய்க்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே பாய் பொம்மைக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஆணி, ஆணியில் என் சாவி. இன்றைக்கு ஞாயிறு, நான் வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று இவரிடம் இருக்கும் சாவியில் திறந்துவிட்டு, இதை எடுக்க மறந்திருக்கிறேன்.

"எனக்குத் தொள்ளாயிரம் சொன்னார்" என்றேன்.

பொய் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னது அதுதான்.

சுமதியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கொல்லைப்பக்கம் போய் அவள் வீட்டுக்காரருக்குப் போன். "எங்க அண்ணிக்கே தொள்ளாயிரமாங்க! அவங்களுக்கே!" என்று கத்துகிறாள். பாய் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

எண்ணெய் காய்ந்துவிட்டது.