எழுபதில் ஓர் அழைப்பு

பலேர்மோ,
மே 5

அன்பின் மலருக்கு,

கர்த்தரின் காவலில் நான் சுகம். நீயும் ஆன்சலாவும் சுகமாய் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுசனுக்குக் கடிதம் என்ன கேடு என்று நீ புறுபுறுப்பது இங்கே கேட்கிறது. போனில் நாங்கள் கதைப்பது எனக்குப் பாடம். "சாப்பிட்டியளோ?" "ஓம், நீ?" "ஓம்." "வேறென்ன?" அதோடு சரி. பதினெட்டு வருடம் பிரிந்திருக்கிற புருசன் பெண்சாதிக்குக் கதை இவ்வளவுதானா என்று பிறகு குசினிக்குள் தனிய இருந்து யோசிப்பேன். பேனையைப் பிடித்தால் கொஞ்சம் கூட வருகிறது.

இங்கே வேலை செய்கிற சிலாவத்தை றொமேஸ் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். ரேடியோதான், ஆனால் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. நான் இங்கே அமெச்சூர் வானொலி பழகியது உனக்குத் தெரியும். நான் பராமரிக்கிற கிழவர் பகல் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலுக்குத்தான் எழும்புவார். அந்த நேரம் பல்கனியில் என் பெட்டியோடு இருப்பேன். எல்லாரும் கூடுகிற இடம் ஐம்பது மெகாஹேட்ஸ். அங்கே சந்தை இரைச்சல். எழுபதில் ஆட்கள் குறைவு. ஆனால் இத்தாலியில் எழுபது எங்களுக்கு உரித்தான இடம் இல்லை. அமைச்சு ஒரு கடிதம் விடும், இன்ன தேதிவரை பேசலாம் என்று. தேதி முடிந்தால் மூடிவிட வேண்டும். அடுத்த கடிதம் வரும்வரை வாய் திறக்கக் கூடாது. இந்த முறை ஜூன் முப்பதுவரை தந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு நாளும் உங்கள் நேரம் பின்னேரம் ஐந்தரைக்கு எழுபதில் நான் கூப்பிடுவேன். எங்கள் வானொலிக் கழகத்தில் சல்வத்தோரே என்றொரு பெரியவர், "இலங்கை எங்கே, நீ எங்கே" என்று சிரிக்கிறார். கோடையில் சில நாட்களில் வானம் குரலைச் சுவரில் எறிந்த பந்து மாதிரித் திருப்பி எறியும். எனக்கு ஒரு நாள் போதும். உனக்கு அனுமதிப் பத்திரம் இல்லாதபடியால் உன் பெயரைச் சொல்லி நான் கதைக்கக் கூடாது, அது சட்டம். என் அழைப்புக் குறியையும் ஊரையும் சொல்லி, கேட்பவர்கள் யாரும் உண்டா என்று பொதுவாகத்தான் கேட்பேன். அது உனக்கென்று நீ எடுத்துக்கொள்.

கேட்டால் நாளும் நேரமும் கேட்டதும் அப்படியே எழுது. என் குறி அச்சடித்த அட்டை ஒன்று கையெழுத்து வைத்து அனுப்புவேன். எங்களுக்குள் அதுதான் மரியாதை. கேளாததைக் கேட்டேன் என்று எழுதுவது இங்கே பெரிய பாவம்.

ஆமிக் காம்ப்காரர் வந்து பெட்டியைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு என் வானொலிப் பத்திரத்தின் பிரதியை உள்ளே வைத்திருக்கிறேன். பெயரும் முத்திரையும் இருக்கிறது, பயப்படாதே.

என் வதிவிட அலுவல்தான் இன்னும் இழுபடுகிறது. அந்தக் காகிதம் கையில் வந்த அடுத்த நாளே பிளேன் ஏறுவேன். பதினொரு வருடமாய் இதையே சொல்கிறான் என்று கோபிக்காதே.

உன்
கொன்ஸ்ரன்ரைன்

•

கள்ளப்பாடு, முல்லைத்தீவு,
மே 28

ஆன்சலாவின் அப்பாவுக்கு,

பெட்டி கிடைத்தது. நானும் இருக்கிறேன், கருவாடும் காய்கிறது, மாதா துணை.

போன மாதம் எங்கள் டிலக்சனுக்குப் பூசை வைத்தேன். சண்டைக்குள் மாத்தளனில் அவனை விட்டு வந்து பதினைந்து வருடம். ஒன்பது வயதில் போன பிள்ளைக்கு இப்போது இருபத்து நாலு என்று பங்குச் சுவாமி சொன்னார். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. ஆன்சலா வவுனியாவில் இருந்து புருசனோடு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். பிறகு வீடு பழையபடி.

றொமேஸ் வந்து ரேடியோக் கம்பியைக் கட்டித் தந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீற்றர், வடமேற்குப் பார்த்தபடி. கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்து கேட்க வேண்டும் என்றான். இந்த ஊரில் அப்படி இருக்கிற முதல் ஆள் நான்தான். கருவாட்டுக்கு வருகிற காகம் எல்லாம் இப்போது உங்கள் கம்பியில்தான் குந்தியிருக்கிறது.

மூன்றாம் நாளே காம்பில் இருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். உங்கள் காகிதத்தைக் காட்டினேன். போனில் படம் எடுத்தார்கள். ஒருவனுக்குத் தமிழ் வரும். "அம்மா, இது எதுக்கு?" என்றான். "என்ர மனுசன்ர குரல் கேக்க" என்றேன். "ஏன், போன் இல்லையா?" என்று கேட்டான்.

ஒவ்வொரு நாளும் ஐந்தரையில் இருந்து ஆறேகால்வரை இருக்கிறேன். எண்ணெயில் மீன் போட்ட சத்தம்தான் வருகிறது. காகிதம் வந்தால் பிளேன் ஏறுவேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் கோபிக்கவில்லை. அரசாங்கம் மறித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்.

உங்கள்
மலர்

•

பலேர்மோ,
ஜூன் 14

அன்பின் மலருக்கு,

உன் கடிதத்தைக் கிழவருக்கும் வாசித்துக் காட்டினேன். தமிழ் விளங்காவிட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவு தப்பிவிட்டது. செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். நானும் ஓம் என்று போவேன். பகல் இரண்டு மணிக்கு மைக்கைப் பிடிக்கும்போதுதான் என் பெயர் என் வாயிலேயே வருகிறது.

நேற்று எழுபது திறந்தது. மால்டாவில் ஒருவர், பிறகு கிரேக்கத்தில் ஒருவர். பக்கத்து அறையில் இருந்து கதைப்பது போல. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் போதும் என்று யோசித்தேன். அந்தக் கொஞ்சம் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் என்று சல்வத்தோரே சொல்கிறார், அவர் கதையை விடு.

ஜூன் முப்பதோடு அனுமதி முடிகிறது. ஆனாலும் நீட்டுவார்கள், அதுதான் வழமை என்று கழகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். ஆகவே தேதியைப் பற்றி யோசிக்காமல் ஜூலையிலும் இரு. நீ ஒரு தரம் என்னைக் கேட்டாய் என்றால், இந்த நாட்டில் நான் இருந்தது வீண் இல்லை என்று நினைப்பேன். வேறு ஆசை எனக்கு இல்லை.

உன்
கொன்ஸ்ரன்ரைன்

•

கள்ளப்பாடு,
ஜூலை 11

ஆன்சலாவின் அப்பாவுக்கு,

கேட்டேன்.

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்தே முக்கால். முதலில் இரைச்சல். பிறகு உங்கள் குறி, பிறகு பலேர்மோ என்ற சொல், பிறகு கேட்பவர்கள் யாரும் உண்டா என்று. அரை நிமிடம் இருக்கும். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, சளியோ தெரியாது. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

இனிச் சந்தோசமாக இருங்கள். நான் இவ்வளவு நாளும் இருந்ததற்கும் பலன் கிடைத்துவிட்டது. அட்டையை அனுப்புங்கள்.

உங்கள்
மலர்

•

பலேர்மோ,
ஜூலை 29

அன்பின் மலருக்கு,

உன் கடிதம் வந்த அன்று படியிலேயே இருந்து வாசித்தேன். 'கேட்டேன்' என்ற சொல்லில் அழுதுவிட்டேன். அடுத்த வரியில் தேதியைப் பார்த்தேன்.

மலர், இந்த முறை அனுமதியை நீட்டவில்லை. ஜூன் முப்பது நள்ளிரவோடு எழுபது மூடியது. பிளக்கைக்கூடக் கழற்றிவிட்டேன். ஜூலை ஒன்பது, நீ எழுதிய அந்த நேரம், நான் கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அட்டையை எடுத்து உன் பெயரை எழுதினேன். தேதி எழுதுகிற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடக்காததற்கு அட்டை கொடுக்க என்னால் இயலாது. இவ்வளவு வருடத்தில் ஒரு தரமும் கொடுத்ததில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதுதானே. ஏன் அப்படி எழுதினாய்? கேட்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் என்ன, உன்னோடு சண்டைக்கா வந்திருப்பேன்?

உன்
கொன்ஸ்ரன்ரைன்

•

கள்ளப்பாடு,
ஆகஸ்ட் 17

ஆன்சலாவின் அப்பாவுக்கு,

ஓம், பொய்தான். நாற்பத்தெட்டு நாள் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டால் இந்த நாட்டில் இருந்தது வீண் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தபோது பாவமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தையாவது கொடுப்போம் என்று எழுதினேன். சளி என்று எழுதியதற்குக்கூட நான் கொஞ்சம் யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன், சுவாமி சிரித்தார்.

இனி உங்கள் முறை.

போன ஞாயிறு றொமேஸ் பயணம் சொல்ல வந்தான். காம்ப்காரருக்குக் காட்டிய காகிதம் மேசையில் கிடந்தது. எடுத்து, எனக்கு விளங்கட்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டு போனான். "அண்ணைக்கு இது 2017இல குடுத்திருக்கு. பலேர்மோவில வதிவிடம் பதிஞ்ச ஆள், பத்து வருசத்துக்குச் செல்லும் எண்டு கிடக்கு." நீங்கள் எனக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரியாது. "அப்ப அவருக்கு வதிவிடக் காகிதம் இருக்கோ?" என்று கேட்டேன். "அது இல்லாமல் இது தராங்கள் அக்கா" என்றான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

ஏழு வருடம். அமைச்சு நிறுத்து என்ற நிமிடத்தில் பிளக்கைக் கழற்றுகிறீர்கள். காற்றில் என் பெயரைச் சொல்லச் சட்டம் இடம் தராது என்று அதையும் சொல்லவில்லை. ஒழுங்கான மனுசன். அந்த ஒழுங்கில் எனக்கு ஒரு துண்டும் மிச்சம் இல்லையா? போ என்று அனுமதி தந்த பிறகும் ஏழு வருடம் வராமல் இருந்துவிட்டு, மாதம் மாதம் காகிதம் வரவில்லை என்று சொன்னீர்களே, அதற்கு எந்தக் கழகத்தில் என்ன பெயர்?

அங்கே வேறு பெண் இருந்தால் அதை எழுதுங்கள். எனக்குத் தாங்கும். காரணம் தெரியாமல்தான் தாங்காது.

கம்பியைக் கழற்றிவிட்டேன்.

மரியமலர்

•

பலேர்மோ,
செப்டெம்பர் 8

மலர்,

பெண் இல்லை. மாதா மேல் ஆணை.

காகிதம் 2016இல் வந்தது. அடுத்த வருடம் ஒரு தரம் டிக்கெட் எடுத்து ரோம் விமான நிலையம்வரை போனேன். பலகையில் கொழும்பு என்ற பெயரைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகினேன். பெட்டியோடு திரும்பி ரயில் ஏறினேன். அன்று உனக்குப் போன் எடுத்து "இன்னும் சரி வரேல்லை" என்று சொன்னேன். நீ "பரவாயில்லை, சாப்பிட்டியளோ" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பொய் லேசாக வந்தது.

அந்த வருடம், 2009, தை மாதத்தில் இருந்து வைகாசிவரை உன்னிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. போன் இல்லை, ஆள் இல்லை. நான் இங்கே சுவருக்குச் சுவர் நடந்தேன். டிலக்சன் போனதை ஆனி மாதம் வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். என் பிள்ளை செத்து இரண்டு மாதம் நான் மற்றவர்களின் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் வானொலி படித்தேன். யாராவது எங்கிருந்தாவது கூப்பிட்டால் இனிக் கேளாமல் விடக் கூடாது என்று ஒரு பைத்தியம்.

நான் வந்தால் முதல் கேள்வி, அவனை எங்கே வைத்தாய் என்பதுதான். நீ கையைக் காட்டுவாய். அந்தக் கையை என்னால் பார்க்க முடியாது என்று பயந்தேன். நீயும் பிள்ளைகளும் நெருப்புக்குள் நின்றபோது இல்லாதவன், எல்லாம் அடங்கிய பிறகு வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பதா? வெட்கம், மலர். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

எழுபதுக்குப் புதுக் கடிதம் வந்துவிட்டது, வருட முடிவுவரை. மற்றவர்கள் பேசுகிறார்கள். நான் இன்னும் பெட்டியைப் போடவில்லை. டிசம்பர் பதினெட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முறை ஏறுவேன். நத்தாருக்கு வீட்டில் நிற்பேன். பிறகு திரும்பிப் போகவும் வேண்டாம், நீ சொன்னால்.

வா என்று ஒரு சொல் எழுது.

உன்
கொன்ஸ்ரன்ரைன்

•

கள்ளப்பாடு,
அக்டோபர் 2

கொன்ஸ்ரன்ரைனுக்கு,

உங்கள் கடிதத்தை ஆன்சலாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் அழுதது முதல் நாள்.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அந்த நெருப்புக்குள் எனக்கும் பயம்தான். ஆனால் என் பயத்தை வைத்துக்கொண்டு ஓட எனக்கு இடம் இருக்கவில்லை, ஆன்சலா கையில் இருந்தாள்.

கை காட்டுவேன் என்று பயப்பட்டீர்களே, காட்ட இடமே இல்லை. மணலுக்குள் வைத்தோம். சுற்றிவர ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அடையாளத்துக்கு ஒன்றும் வைக்க முடியவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன், எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களோடு சேர்ந்து தேட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

டிசம்பரில் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, ஒரு கிழமை யோசித்து எழுதுகிறேன். இவ்வளவு காலமும் ஒரு அரசாங்கம் உங்களை மறித்து வைத்திருக்கிறது என்று நினைத்துத்தான் காத்திருந்தேன். அது லேசு. அந்தப் பக்கம் அவரும் என்னைப் போலத் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படுப்பேன், நித்திரை வரும். ஊரில் எவ்வளவோ பேர் எவ்வளவோ சொன்னார்கள், "காகிதம் வந்தால் வந்திடுவார்" என்று வாயை அடைத்தேன். மறித்தது நீங்கள்தான் என்று தெரிந்த பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தால், அந்த வருடங்களில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். தனிய இருக்கப் பழகிவிட்டேன் என்பதும் இப்போதுதான் தெரிகிறது. இனி ஒருவருக்கு இடம் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாற்றுங்கள். டிலக்சனின் பூசை ஏப்ரலில். நீங்கள் அவனுக்குத் தகப்பன், அதை நான் மறிக்க மாட்டேன். வவுனியாவில் ஆன்சலா வீட்டில் தங்குங்கள், அறை இருக்கிறது என்று சொல்கிறாள். அங்கிருந்து விடிய வெளிக்கிட்டால் பூசைக்கு வந்து சேரலாம். பூசை முடிய மாத்தளனுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இரண்டு பேரும் தேடுவோம்.

கோவிலில் நான் பெண்கள் பக்கம் இருப்பேன். நீங்கள் ஆண்கள் பக்கம் இருங்கள்.

மரியமலர்