ஜமால் அண்ணன் ஓடி எடுத்த பந்து

என் அன்புக்குரிய ஜமால் அண்ணே,

வலைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் நான்கு மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆறு மணிக்கு இன்னும் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஷூவைத் தேடுகிறேன், தேடி எடுத்ததும் எதற்கு என்று தோன்றி உட்கார்ந்துவிடுகிறேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "இனிமே செத்தவங்களையும் விசாரிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. கேட்கத்தானே செய்வாள்? மோதிய லாரியையும் நசுங்கிய காரையும் பார்த்து, ஓட்டியவர் சொல்வது மெய்யா பொய்யா என்று காப்புறுதிக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. யார் எதைச் சொன்னாலும் என் மனம் முதலில் "அப்படியா?" என்றுதான் கேட்கும். "மணியம் தம்பி பெத்த தாய் சொன்னாலும் ரசீது கேப்பான்" என்று நீங்களே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்திலும் சந்தேகம்தான் நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால் நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜமால் அண்ணன் மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங் ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர். ஊருக்கு வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக் கிளப்பில் ஒரு பழைய சிமெண்ட் டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. மழை பெய்யாத ஞாயிறுகளில், இருபத்திரண்டு வருஷமாக, அவரும் நானும் அதில் ஆடினோம்.

நீங்கள் தடுத்து ஆடுகிறவர், நான் அடித்து ஆடுகிறவன். எவ்வளவு பலமாக அடித்தாலும், எந்த மூலையில் போட்டாலும், பந்து திரும்பி வந்துவிடும். ஓடிப்போய், மூச்சு வாங்காமல், "இந்தா" என்று கொடுப்பதுபோல அனுப்பிவிட்டு அடுத்ததற்குத் தயாராக நிற்பீர்கள். நான்காவது ஐந்தாவது அடியில் எனக்குப் பொறுமை போய்விடும். வலையில் அடித்துவிட்டு ராக்கெட்டைத் திட்டுவேன்.

ஆட்டம் முடிந்தால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவுக்கடை. அங்கே டிவியில் வெளிநாட்டு டென்னிஸ் மறு ஒளிபரப்பு ஓடும். உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் நாம் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தோம். சர்வீஸைப் போட்டுவிட்டு வலைக்குப் பாய்கிறவன், இரண்டே அடியில் முடிக்கிறவன் எல்லாம் என் ஆள். பின்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பந்தை வாரி வாரிக் கொடுக்கிறவன் உங்கள் ஆள்.

"கோப்பை எடுக்கிறது யாருன்னு பாருங்கண்ணே. அடிக்கிறவன்தான்" என்பேன்.

"எடுக்கட்டும்லா. எடுக்கிறதுக்குள்ள எத்தனை பந்தை வெளிய அடிக்கிறான்னு நீ எண்ணிப் பாரு. தடுக்கிறவன் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல தம்பி. நல்லாதான் அடிச்ச, இன்னொரு தடவை அடிச்சுக் காட்டுன்னு கேக்கிறான், அவ்வளவுதான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். இன்னொரு தடவை காட்டு என்று கேட்பது என் தொழில் அல்லவா? அப்படியானால் நான்தானே தடுத்து ஆட வேண்டும்? எதையும் நம்பாத நான் அவசரப்பட்டு அடித்தேன். எல்லாரையும் நம்புகிற நீங்கள் காத்திருந்தீர்கள். யாரையும் நம்பாதவனுக்குக் காத்திருக்கவும் தெரியாதோ என்னவோ.

நமக்கு நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவர்தான் தீர்ப்பு. சந்தேகமாக இருந்தால் எதிராளிக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கும் உள்ள வழக்கம். நீங்கள் சந்தேகமே இல்லாமல் வெளியே போன பந்தையும் எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நானோ நீங்கள் 'அவுட்' என்று சொன்ன பிறகும் வலையைச் சுற்றி வந்து தரையைப் பார்ப்பேன். சிமெண்டில் என்ன தெரியும்? ஆனால் ஒரு சாட்சி உண்டு. கோட்டில் பூசிய பெயிண்ட் வழுவழுப்பாக இருக்கும். அதில் பட்ட பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொன்னவனே நான்தான். ஞாபகம் இருக்கிறதா?

போன நோன்புப் பெருநாள் முடிந்து நாம் மறுபடி ஆடத் தொடங்கியபோது நீங்கள் வேறு ஆளாக வந்தீர்கள். சர்வீஸ் போட்டதும் வலைக்கு வந்துவிட்டீர்கள். ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு அடி, புள்ளி முடிந்தது. எட்டாத பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து ஞாயிறு வரிசையாக என்னைத் தோற்கடித்தீர்கள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மலாக்கா டவுனில் யாரோ கோச்சிடம் ரகசியமாகப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கைகழுவப் போனபோது உங்கள் ராக்கெட்டை எடுத்து நரம்பை அமுக்கிப் பார்த்தேன், உங்களுக்குத் தெரியாது. "என்னாண்ணே, இருபது வருஷம் கழிச்சு ஆட்டத்த மாத்திட்டீங்க?" என்று கேட்டதற்கு, "உன் கட்சியில சேந்துட்டேன்லா" என்றீர்கள். பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரேக் குடிப்பதை விட்டு தே-ஓ கோசோங் கேட்க ஆரம்பித்தீர்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. அதையும் கவனித்தேன். உடம்பைக் குறைத்து என்னை ஜெயிக்கத்தான் என்று முடிவு கட்டினேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு நாள் கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் கட்சிக்காரர் ஒருவர், வருஷக்கணக்காகத் தடுத்தே ஜெயித்தவர், திடீரென்று எல்லாப் பந்தையும் அடித்து ஆடினார். கடையே அசந்துபோய்ப் பார்த்தது. நான் பெரிய கெட்டிக்காரன்போலச் சொன்னேன்: "இவன் உடம்புல ஏதோ இருக்குண்ணே. ஓட முடியல, அதான் சீக்கிரம் முடிக்கிறான். மறைக்கிறான் பாருங்க."

நீங்கள் கிளாஸில் கரண்டியைப் போட்டுக் கலக்கினீர்கள். சீனியே இல்லாத தேநீரில் என்ன கலக்கினீர்கள் அண்ணே?

"அப்படியா தம்பி? பாவம், ஆடணும்னு ஆசையா இருக்கும்லா" என்றீர்கள். பிறகு பேச்சை மாற்றிவிட்டீர்கள். டிவியில் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஆடியவனைக் கண்டுபிடித்த எனக்கு, முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்த ஆளைத் தெரியவில்லை.

உங்களை ஜெயிக்க வழி தேடினேன். இன்னும் இரண்டு வாரம் தோற்றுக்கொண்டே யோசித்து, உங்கள் பழைய ஆட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடிப்பதை நிறுத்தினேன். நீங்கள் வலைக்கு வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டேன். பின்னால் போனால் வலையை ஒட்டிச் செத்து விழும்படி மெதுவாகத் தட்டினேன். உங்களை ஓட வைப்பதுதான் திட்டம். தெரிந்தே செய்தேன். அந்த ஓட்டம் உங்களை என்ன செய்யும் என்றுதான் எனக்குத் தெரியாது.

நீங்கள் ஓடவில்லை. பந்து தலைக்கு மேலே போனால் நின்று அண்ணாந்து பார்த்து, "நல்ல பந்து" என்றீர்கள். அலட்சியம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அதுதான் நம் கடைசி ஞாயிறு. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் நான் ஐந்து, நீங்கள் நான்கு. என் சர்வீஸ், நாற்பது-முப்பது. ஒரு புள்ளி எடுத்தால் எனக்கு ஆட்டம். நீங்கள் பின்கோட்டில் நின்றீர்கள், நான் உங்கள் இடது பக்கம் வலையை ஒட்டித் தட்டிவிட்டேன். ஜெயித்தாயிற்று என்று ராக்கெட்டைக்கூட இறக்கிவிட்டேன். நீங்கள் ஓடினீர்கள் அண்ணே. பழைய ஜமால் அண்ணன் ஓடி வருவதைப் பார்த்தேன். இரண்டாவது தடவை தரையில் படுவதற்குள் பந்தைத் தோண்டி எடுத்து, எனக்கு வலது பக்கம் கோட்டை ஒட்டி அனுப்பினீர்கள். நான் அசையக்கூட இல்லை. பந்து மூலையில் விழுந்து போனது.

"அவுட்" என்றேன்.

"அவுட்டா தம்பி?"

"ஆமாண்ணே."

"சரி" என்று வலைக்கு வந்து கை கொடுத்தீர்கள். கை ஜில்லென்று நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கடையைத் திறந்து விளக்கைப் போட்டவர் அப்படியே உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்தது.

நாற்பதாம் நாள் உங்களுக்காக ஃபாத்திஹா ஓதியபோது வீட்டுக்கு வந்திருந்தேன். எல்லாரும் போன பிறகு அண்ணி உங்கள் டென்னிஸ் பையைக் கொண்டுவந்து, "நீங்களே வச்சுக்குங்க தம்பி" என்று கொடுத்தார். பையைக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தேன். பந்து வைக்கும் அறையில் சின்ன மருந்துப் போத்தல் இருந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. லேபிளில் இருந்த தேதி பெருநாளுக்கு இரண்டு வாரம் முந்தியது.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. தே-ஓ போட்ட கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். விசாரணைக் குரலில்தான் கேட்டிருப்பேன்.

"அவருதான் வேணாம்னாரு. 'தெரிஞ்சா மணியம் மெதுவா போடுவான், அதுக்கப்புறம் அது ஆட்டமே இல்ல'ன்னாரு. டாக்டர் ஓடக் கூடாதுன்னுட்டாரு. ஓடாம ஆடுறேன், எந்தப் பந்துக்கும் ஓட மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் போனாரு."

உங்கள் புது ஆட்டத்துக்கு விடை கிடைத்துவிட்டது. கோச்சும் இல்லை, புது நரம்பும் இல்லை. ஆனால் கடைசி ஞாயிறு ஞாபகம் வந்தது. ஒரு பந்துக்கு ஓடினீர்களே. அதை நான்தானே போட்டேன்? அண்ணிக்கு அது தெரியாது என்று நினைத்தேன். சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

"அண்ணி, கடைசி நாள்ல அவர் ஒரு பந்துக்கு ஓடினாரு" என்றேன்.

"தெரியுமே. வந்ததும் அவரே ஒத்துக்கிட்டாரு. நான் ரெண்டு நாள் பேசல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்று பட்டது. டென்னிஸில் பந்து எந்த நிறம் என்பதைத் தவிர எதுவும் தெரியாத அண்ணியிடம், துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பக்கம் ஓடினாருன்னு சொன்னாரு?" என்று கேட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல?

அண்ணி கோபிக்கவில்லை. "இடது பக்கம், வலைக்கிட்ட. எடுத்து நேரா கோட்டுல போட்டாராம். நீங்க அவுட்டுன்னுட்டீங்களாம். அந்தப் பதினோரு நாளும் அதே பேச்சுதான், கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம். இந்த வயசுல அதை ஓடி எடுத்தேன்னு."

"அவுட்டுன்னது பத்தி என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'தம்பிக்குக் கண்ணாடி மாத்தணும், நீ சொல்லு, நான் சொன்னா கோவிச்சுக்குவான்'னாரு. போய்க் கண்ணைக் காட்டுங்க தம்பி."

தலையாட்டிவிட்டு வந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை அண்ணே. அந்தப் பந்து எழும்பவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அவுட் என்றேன். ஏழு ஞாயிறாக உங்களை ஜெயிக்க முடியவில்லை என்கிற எரிச்சல், வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் உங்கள் ஒவ்வொரு பந்தையும் சந்தேகப்பட்டு வலையைச் சுற்றி வந்தேன். நீங்கள் ஒரே ஒரு தடவை சுற்றி வந்து பார்த்திருக்கக் கூடாதா?

அல்லது, உங்களுக்குத் தெரியுமோ? கண்ணாடி என்றெல்லாம் அண்ணியிடம் சொன்னது என்னைக் காப்பாற்றத்தானோ? இதற்குப் பதில் கேட்டு வாங்க எனக்கு இனி ஆள் இல்லை.

இங்கே செய்தி சொல்ல வேண்டுமானால், பெரிய போட்டிகள் பலவற்றில் இப்போது கோட்டைப் பார்க்க ஆட்களே இல்லை. இயந்திரம்தான் கூவுகிறது. அடித்து ஆடுகிறவரும் தடுத்து ஆடுகிறவரும் வாயைத் திறக்காமல் அடுத்த பந்துக்குப் போகிறார்கள். நம் கோர்ட்டுக்கு அந்த வசதி வராது. பக்கத்து ஊரான தம்பினிலிருந்து ஒரு ஆசிரியர் என்னோடு ஆட வருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பந்தைக் கண்டால் அடிக்கிற ஆளாம். வரும் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர் போடுகிற பந்தில் எனக்குச் சந்தேகம் வந்தால், அது அவருடையது. வலையைச் சுற்றிப் போக மாட்டேன். நீங்கள் பதினோரு நாள் உங்கள் பந்தைப் பற்றி யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்கள் எல்லாரும் ஞாயிறு பத்திரிகை படிக்கிறவர்கள். அண்ணியும் படிப்பார். அதனால்தான் இதை அங்கே அனுப்புகிறேன்.

அந்தப் பந்து உள்ளே, அண்ணே. நான் ஜெயிக்கவில்லை. ஐந்துக்கு நான்கு, நாற்பதுக்கு நாற்பது, ட்யூஸ்.

கண்ணாடி மாற்றத் தேவையில்லாத
உங்கள் தம்பி,
மணியம்