கார்டில் இல்லாத பெயர்

ராயபுரம்,
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டெரிக்,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஜானட் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. கப்பலுக்குப் போன் கிடைக்காது, மெயிலாவது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வரும்போது குழந்தைக்கு மறுபடி வலிப்பு. தெருவே கூடி அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தது. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் திட்டினார். சாவியெல்லாம் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உடனே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

உங்கள் தோஸ்து அன்புமணி அண்ணன் சொன்ன திருவொற்றியூர் கிளினிக்கைப் போய்ப் பார்த்தேன். போர்டில் 'நரம்பியல் நிபுணர்'. மெடிக்கல் கவுன்சில் பதிவில் தேடினால் வெறும் எம்.பி.பி.எஸ். மேல்படிப்பு எங்கே என்று கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பெண், "இன்னாம்மா, டாக்டருக்கே பரீட்ச வெக்க வந்துகீறியா?" என்று சிரித்தாள். இன்சூரன்ஸும் அங்கே எடுக்க மாட்டார்களாம்.

இன்சூரன்ஸ்காரர்களிடமே விசாரித்தேன். தண்டையார்பேட்டையில் நரம்பியலில் டி.எம். மேல்படிப்பு முடித்த ஒருவர் இருக்கிறார். பதிவும் சரியாக இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டில் என் பெயர் மட்டும்தானாம், ஜானட் பெயர் இல்லையாம். கம்பெனி மறந்துவிட்டதா? நீங்கள் ஒரு மெயில் போட்டால் போதுமாம்.

அன்புடன்,
மகிமா

நடுக்கடல்,
9 ஆகஸ்ட்

மகி,

செல்லத்துக்கு என் முத்தம். உனக்கு எல்லார்மேலும் சந்தேகம். அன்புமணி எனக்குக் கெட்டது நினைப்பானா? அந்த டாக்டரிடமே காட்டு. கூட்டமில்லாத இடம், யாருக்கும் தெரியப் போவதில்லை. கார்டு விஷயத்தைக் கிளறாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

டெரிக்

ராயபுரம்,
12 ஆகஸ்ட்

டெரிக்,

நீங்கள் சொன்னீர்களே என்று போனேன். அந்த டாக்டர் மேஜைக்கு முன்னாலேயே ஜானட்டுக்கு வெட்டி இழுத்தது. அவர் டிராயரைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து, "கைல குடும்மா, நின்னுடும்" என்றார். நான்தான் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நின்றதும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கூட வந்திருந்த அன்புமணி அண்ணனிடம், இப்படி ஒருவரையா காட்டுவீர்கள் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"டெரிக்குதாம்மா சொன்னான். நோவு பேரு எந்த ஆஸ்பத்திரி சீட்டுலயும் வரக்கூடாது, அந்த மாதிரி டாக்டரா பாருன்னான். பொட்டப் புள்ளயாச்சே."

அப்போதுதான் உங்கள் கடிதம் எனக்குப் புரிந்தது. கம்பெனி மறக்கவில்லை. நீங்கள்தான் அவள் பெயரைக் கொடுக்கவில்லை. டாக்டரைச் சந்தேகப்பட்டேன், கிளினிக்கைச் சந்தேகப்பட்டேன். உங்களைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என்றைக்கோ வரப்போகிற மாப்பிள்ளைக்காக ஐந்து வயதுக் குழந்தை இன்றைக்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? தண்டையார்பேட்டை டாக்டரிடம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம். கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன். தெருவில் கேட்டால் வலிப்பு என்றே சொல்வேன்.

அங்கே குழந்தையின் அப்பா பெயர் கேட்பார்கள். தயங்காமல் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கம்பெனிக்கு ஜானட் பெயரை அனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

மகிமா