காதுக்கு நேரா

அன்பும் வாய்த்துடுக்கும் குறையாத என் மச்சானுக்கு,

நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் வருகிறது. அக்கா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். முன்னறை இளநீலம். உங்களுக்குப் பிடிக்காதுதான். என்ன செய்ய, உங்கள் பெண்டாட்டிக்குப் பிடித்திருக்கிறது.

வம்பு உங்கள் பெண்டுலம் கடிகாரத்தால் வந்தது. சுவர் காய்ந்ததும் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்தாற்போல் மாட்டினேன். டீ குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. சாவி கொடுத்து ஆட்டிவிட்டேன். மறுபடியும் நின்றது. அக்கா அழுதுவிட்டாள்.

"அவரு கை பட்டதுடா. வேற ஆளு யாரும் தொறக்க வேணாம். துணியில சுத்திப் பரண்ல போட்ரு."

அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று உங்களுக்குத் தெரியாதா?

பரணுக்கு ஏணி போட்டபோதுதான் சின்னாளப்பட்டி நெசவாளி வீடு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில், உங்கள் கடிகார ரிப்பேர் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த சமயம். ரிப்பேர் பார்த்த சுவர்க்கடிகாரத்தை யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டீர்கள். நீங்களே போய் மாட்டினால்தான் நிம்மதி. பெண்டுலம் உங்கள் சட்டைப் பையில், கடிகாரம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்த என் மடியில். அங்கே போனதும் என்ன கேட்டீர்கள்?

"செத்த நேரம் தறிய நிறுத்துங்கப்பு. இது நடக்குறதக் கேக்கணும்."

தறி நின்றது. கடிகாரத்தை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அதன் பெட்டியின் அடியை விரலால் தள்ளினீர்கள். "நொண்டுது மாப்ளே... இன்னும் நொண்டுது... ஆங், இப்ப நடக்குது." டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒன்றுபோல இல்லாவிட்டால் உங்கள் பாஷையில் அது நொண்டி. சீக்கிரமே நின்றுவிடும்.

"சாஞ்சில்ல இருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"கண்ணுக்குத்தான் சாஞ்சிருக்கு. காதுக்கு நேரா இருக்கு."

சுவரில் நூல் பிடித்துக் கோடு போட்டுப் பிழைக்கிற பெயிண்டர் நான், அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது, போன மாதம்கூடப் பார்த்தேன். உங்களைப் போல ஒரு காது இந்தத் திண்டுக்கல்லில் யாருக்கும் வாய்க்கவில்லை, மச்சான்.

பரணுக்குப் போட்ட ஏணியை மடக்கினேன். கடிகாரத்தை மறுபடி சுவரில் மாட்டி, டிவி, ஃபேன் எல்லாவற்றையும் அமர்த்திவிட்டுக் கண்ணை மூடினேன். அடியைத் தள்ளினேன். எனக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் கேட்டது. அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது.

"இன்னும் நொண்டுதுடா... அய்யய்ய, தாண்டிப் போயிட்ட... ம், விடு! இப்ப நடக்குது."

கரண்டியோடு வந்து நின்றாள். சுவரைப் பார்க்கக்கூட இல்லை, காதால் மட்டுமே பிடித்திருக்கிறாள்! உங்கள் காதை இவளிடம் எப்போது கொடுத்தீர்கள்?

பிறகு ஒரு பென்சிலை எடுத்து, என் புதுச் சுவரில், பெட்டியின் அடியோரமாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். "அவரு போட்ட கோடு இங்கனதான் இருந்துச்சு. பெயிண்ட்ட அப்பி அழிச்சுட்டியே." பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்து நான் மூடியது நீங்கள் போட்ட கோடுதானா?

கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். நடக்கிறது, மச்சான். அக்கா தூங்குவாள்.

இனி எந்தக் கிறிஸ்துமஸுக்கு எந்த நிறம் அடித்தாலும் அந்தக் கோட்டை விட்டுவிட்டுத்தான் அடிப்பேன். வேலை தெரியாத பெயிண்டர் என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கோணலாக மாட்டக் கற்றுக்கொண்ட
உங்கள் மாப்பிள்ளை,
அந்தோணி