அப்பாவுக்குப் பின்னால்

2024 ஜனவரி 9, செவ்வாய்

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பாதிப் பேருக்குச் சளி. ஒருத்தன் என் சேலையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டு, "டீச்சர், ஒங்க சேல ஈரமா இருக்கு" என்கிறான்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் மதுரன் ஃபோனை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். எஸ்டேட்டின் மேல் பங்களா இப்போது ஹோட்டல். அங்கே தங்குகிறவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ட்ரவுட் மீன் பிடிக்கக் காட்டுவதுதான் இவர் வேலை. இந்த சீசனுக்குப் புதுச் சாமான் எடுக்க வேண்டுமாம். எது எது என்று இவரையே சொல்லச் சொல்லியிருக்கிறார் மேனேஜர் அஃப்ஹம். பக்கம் பக்கமாக இங்கிலீஷ். வாசிப்பது நான், முடிவு செய்வது இவர்.

ஒன்பது அடித் தூண்டில் கோல் என்று வாசித்தேன். "அது பெரிய ஆத்துக்கு. இங்க ரெண்டு பக்கமும் மரம். ஏழரை அடி போதும்." நூல் தண்ணீரில் மிதக்கிறதாக இருக்க வேண்டும். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலோன் நரம்பு, நரம்பின் நுனியில் இறகு சுற்றிய பொய் ஈ. புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. நூலின் கனத்தில்தான் ஈ பறந்து போய் விழ வேண்டும். இவ்வளவு நுணுக்கமா என்று இருந்தது.

மார்பு வரை போடுகிற ரப்பர் காற்சட்டை ஒன்று. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடுமாம். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டுமாம். திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன். மகள் லோஜினி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், கட்டுவேன் என்று.

"ஆறே இடுப்பளவுதான் புள்ள" என்று சிரிக்கிறார். செய்தார். ஆனாலும் சிரித்துக்கொண்டே செய்தது சத்தியமா?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மழையில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். நான் லோஜினி கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

பக்கத்து வீட்டுச் செல்லசாமி அண்ணனுக்குத் தினமும் இவரைச் சீண்டாவிட்டால் தேத்தண்ணி இறங்காது.

"என்ன மதுரா, இன்னைக்கி எத்தன மீனுக்கு முத்தங்குடுத்து அனுப்பிச்ச?"

"மூணுண்ணே."

"காசு கட்டி வந்து, புடிச்சு, படம் எடுத்து, திரும்பத் தண்ணியிலயே விட்டுட்டுப் போறானுக. நம்ம பாட்டன் காலத்துத் தொரமாரு நம்மள அப்புடி விடலயேடா!"

லயத்து வரிசை வீடு அத்தனையும் சிரித்தது. இவரும்தான்.

லோஜினி தானும் ஆற்றுக்கு வருவேன் என்று ஒரே அழுகை. முடியாது என்றுவிட்டேன். கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: சின்னப் பிள்ளை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். எங்கள் வீட்டில் வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். தொட்டி மேல் பலகை, பலகை மேல் கல். அத்தை, இவர் அம்மா, கேட்கிறார்: "ஒங்கம்மா ஒன்ன தண்ணியே காட்டாமத்தான் வளத்தாங்களா?"

கேட்கட்டும்.

ஜனவரி 28, ஞாயிறு

சாமான் வந்துவிட்டது. பங்களாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கோலை இங்கே கொண்டுவந்து, லயத்துக்குக் கீழே உள்ள மைதானத்தில் வீசிப் பார்த்தார். முள்ளுக்குப் பதிலாக நுனியில் சிவப்புக் கம்பளி நூல் முடிச்சு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற மாதிரி எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

எனக்கு இது தெரியாமல் போயிற்றே. இத்தனை நாள் இவர் மீன் பிடிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மஞ்சள் நூல் தலைக்கு மேலே போய், நீண்டு, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு முன்னால் வந்து புல்லில் சத்தமில்லாமல் படுக்கிறது. ஆகாயத்தில் எழுதி எழுதி அழிப்பதைப் போல.

"முன்னுக்கு வீசுறது பெருசில்ல. பின்னுக்குப் போற நூல் முழுசா நீளணும். அதுவரைக்கும் பொறுக்கணும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு."

லோஜினி குறுக்கே ஓடினாள். கம்பளி முடிச்சு கன்னத்தில் உரசிவிட்டுப் போனது. கிச்சுகிச்சு மூட்டியது போல நெளிந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றாள். சிரித்தோம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அடுத்த ஞாயிறு ஆற்றுக்குப் போகிறோம். பங்களாவில் ஒரு வெள்ளைக்கார அம்மா தங்கியிருக்கிறார். இவர் ஃபோனில் லோஜினி படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையையும் கூட்டி வா என்றாராம். அஃப்ஹமும் சரி என்றுவிட்டார். எத்தனை நாள்தான் முடியாது என்பது? சரி சொன்னேன். தண்ணீருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, என் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். லோஜினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை.

பெப்ரவரி 22, வியாழன். கண்டி, வார்டு

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அந்த அம்மாவால் எதிர்க்கரை ஓரம் வரை ஈயை வீச முடியவில்லை. நான் காட்டுகிறேன் என்று இவர் கோலை வாங்கினார். நான் மேலே பாறையில் இருந்தேன். லோஜினி கரையோரம் குந்தி, குஞ்சு மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் வழுக்கிற மாதிரி இருந்தது. வழுக்கியதா? வழுக்கவில்லை. எனக்கு அப்படி இருந்தது.

கத்தினேன். "லோஜி! தண்ணிக்கிட்ட நிக்காத! அப்பாவுக்குப் பின்னால போய் நில்லு!"

எழுந்து போனாள். நின்றாள். கையைக்கூடக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் தண்ணியத்தானே பாத்தேன். தண்ணியத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு சின்னச் சத்தம்தான். முன்னால் வீசப்போன கோல் பாதியில் நின்றது. செடியில் மாட்டியதாக இவர் நினைத்திருக்கிறார். திரும்பியவர் கோலைப் போட்டுவிட்டு ஓடினார். இழுக்கவில்லை, பிடுங்கவில்லை. பல்லால் நரம்பைக் கடித்து அறுத்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துக் கண்ணின் மேல் வைத்துப் பிடித்தார். வேனில் மலையெல்லாம் இறங்கும்வரை அந்தக் கை ஆடவில்லை. நான்தான் கத்திக்கொண்டே வந்தேன்.

தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாகத் திரும்பிய குட்டி முள் ஒன்று உண்டு, குத்தினால் கழலாமல் இருக்க. இவர் எல்லா முள்ளிலும் அதைக் குறட்டால் நசுக்கிவிடுவார், விடும்போது மீனின் வாய் கிழியக் கூடாது என்று. அன்றைக்கு அந்த அம்மாவின் பெட்டியில் இருந்த முள். நசுக்காதது.

மீனுக்குப் பார்த்தோம்.

பெப்ரவரி 27, செவ்வாய். வார்டு

டொக்டர் அம்மா சிங்களவர். நான் சிங்களத்தில் கேட்க, அவர் எனக்காகத் தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். கண் இருக்கும். வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது. அடுத்த கண்ணை நல்லாப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடது கண்.

லோஜினி கேட்கிறாள்: "அம்மா, நான் மீனு மாதிரி இருந்தேனா?"

மார்ச் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். லயமே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. செல்லசாமி அண்ணன் வாசலோடு நின்று, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனதுதான் தாங்கவில்லை.

அத்தை மட்டும் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளக்காரிக்கு வித்த காட்டப் போயி எம்பேத்தி கண்ணப் புடுங்கிட்டியேடா! பெத்த புள்ள பின்னால நிக்கிதான்னு பாக்கத் தெரியாதவனுக்கு என்னடா தூண்டி?"

"நாந்தாம்மா. திரும்பிப் பாக்கல." இவர் தலையைத் தூக்கவில்லை.

அடுப்பில் கஞ்சி. கிண்டிக்கொண்டிருந்தேன். அடிப்பிடிக்காத கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "நான்தான் அங்க நிக்கச் சொன்னேன்." இவ்வளவுதானே. வாய் வரவில்லை.

மார்ச் 21, வியாழன்

அஃப்ஹம் வந்தார், லோஜினிக்கு ஒரு பொம்மை கொண்டுவந்தார். "மதுரன் அண்ணே, நீங்க இல்லாம சீசனே படுத்திருச்சி. ஆத்துக்கு வர வேணாம். வந்து சும்மா முள்ள மட்டும் பாத்துக் குடுங்க."

"கைல எடுக்க ஏலாது தம்பி."

அஃப்ஹம் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பது போல. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க உள்ளே போனேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இவர் கொழும்புக்குப் போய்விட்டார். இரும்புக் கடை ஒன்றில் வேலை. லோஜினி தூங்கும்போது போனார்.

மே 16, வியாழன்

கோப்பைக்குள் தண்ணீர் ஊற்றச் சொன்னால் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள். கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது. அழுவதில்லை, கதவைப் பார்த்து "சொரி" என்கிறாள். அவளுக்கு உடையாத கண்ணாடி போட்டிருக்கிறோம், நல்ல கண்ணைக் காப்பாற்ற. மற்றப் பிள்ளைகள் அதைப் போட்டுப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். காலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளையை என்னிடம் தரும்போது ஒரு கணம் கை விடாமல் பிடித்திருக்கிறார்கள். என் மனமா? ஒருத்தி சொல்கிறாள்: "ஒங்களுக்கென்ன டீச்சர், நீங்க கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாக்குறவங்க. அந்த மனுசந்தான்…" நல்லவிதமாகத்தான் சொன்னாள். அவர்கள் பிள்ளைகளை நான் எங்கே நிற்கச் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் "அங்கே நில்லு" என்று யாரையும் சொல்வதில்லை. போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

ஃபோனில் வழக்கம்போலப் பிள்ளை சாப்பிட்டாளா, மருந்து விட்டாயா என்றார். அத்தை பேச மாட்டேன் என்று எழுந்து வெளியே போனார்; அது அவருக்குக் கேட்டிருக்கும். "சரி, அம்மா கோவம் நியாயந்தானே" என்றார். அதற்கு மேல் முடியவில்லை.

"என்னங்க, அவளா அங்க வந்து நிக்கல. நான்தான் நிக்கச் சொன்னேன். ஒங்களுக்குப் பின்னால போய் நில்லுன்னு நான்தான் கத்துனேன்."

கடைச் சத்தம் கேட்டது, இரும்பை எங்கேயோ போடுகிறார்கள். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"கேட்டுச்சு புள்ள."

"எப்ப?"

"அப்பவே. கேட்டுச்சு. ஆனா கை பாதி வீச்சுல இருந்துச்சு. காதுல விழுந்தது மண்டைக்குள்ள போறதுக்குள்ள…"

"அப்ப அத்தகிட்ட ஏன் சொல்லல? ஊரே பேசுதே. ஏங்க சொல்லல?"

"சொல்லி? ரெண்டு பேரும் விழுந்துட்டா பிள்ளைய யாரு தூக்குறது?"

எவ்வளவு அழுதேன் என்று தெரியவில்லை. கடைசியில், "ஃபோன்ல ரீலோட் காசு முடியப் போகுது" என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார்.

ஜூலை 8, திங்கள்

அத்தையிடமும் சொன்னேன். காலையில், ரொட்டி சுடும்போது, முகத்தைப் பார்த்தே.

திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். கல்லில் இருந்த ரொட்டி கருகிப்போனது. பிறகு அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"இத்தன நாளு எம்மவன் இத மென்னு முழுங்கிக்கிட்டா இருந்தான்?"

"ஆமாங்கத்த."

"நீயுமா?"

நான் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டேன்.

"அவன வரச்சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வருகிறேன் என்றார். வரவில்லை. கடையில் விடவில்லையாம். கடைதான் விடவில்லையா? அத்தை சமைத்து வைத்த கோழியை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

ஒக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. மாலையில் பனித்தூறல். அத்தை உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். லோஜினி வாசற்படியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எட்டிப் பார்த்தபோது இவர் முற்றத்தில் நிற்கிறார். தோளில் பை. அவளுக்கு இடது பக்கம், கை எட்டும் தூரத்தில். மெலிந்து, தாடியோடு. கூப்பிடவில்லை. அவள் எப்போது நிமிர்ந்து பார்ப்பாள் என்று நிற்கிறார். அவள் நிமிரத்தான் செய்தாள். பொம்மையைத் தூக்கிப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். இவர் முகம்… அதை எழுத வேண்டாம்.

அவளுக்குக் கோபம் என்று நினைத்துவிட்டார். நான்கு வருடம் அப்பா அப்பா என்று காலைச் சுற்றிய பிள்ளை இப்போது பார்த்தும் பாராமல் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கூட இருந்தால்தானே தெரியும்.

"என்னங்க," என்றேன். "அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது. இங்கிட்டு வாங்க."

அவள் முன்னால் மெதுவாகச் சுற்றி வந்து, வலது பக்கம், என் காலடியில் படியில் உட்கார்ந்தார். லோஜினி தலை முழுவதையும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தாம்மா" என்றார்.

பையை வாங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டி, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

வெளியே அதே தூறல்தான். கொஞ்ச நேரத்தில் தலைமுடிகூட நனையாத தூறல். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாரோ.

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.