ஆளில்லாத வண்டியின் அளவு

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
19-11-1961

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மான்செஸ்டர் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வீரமாகாளியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். கார் வாங்கியாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். வாங்கிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என் மனம் ஆறாது.

மிஸ்ஸி வேலையாக நான் பிரசவம் பார்க்கப் போகிற கிராமத்துக் கம்பங்களுக்குள் பஸ் வராது, பாதையெல்லாம் செம்மண் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ போன கடிதத்தில், குதிரைச் சக்தியைப் பார்த்து மயங்காதீர்கள், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள் என்று எழுதியிருந்தாய். நானும் பார்த்தேன். கார் கடையில் விற்பனை பார்க்கும் கோவிந்தசாமி கொடுத்த தாளில் ஆறரை அங்குலம் என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'அன்லேடன்' என்று இன்னொரு சொல். அது ஏதோ கம்பெனி வைத்த பெயர் என்று விட்டுவிட்டேன். அகராதி அலமாரியில்தான் இருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. "அறுபது குதிரைச் சக்தி லா மிஸ்ஸி, எந்த ரோட்டுலயும் பறக்கும்" என்று அவர் சொன்னது காதுக்கு இனிப்பாக இருந்தது. அப்பாவுக்கும் அந்த நீல நிறம் பிடித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் போகிற பாதையிலேயே ஓட்டிக் காட்டுங்கள் என்று கோவிந்தசாமியைச் சுவா சூ காங்குக்கு அழைத்துப் போனேன். நாங்கள் இரண்டே பேர், முதல்நாள் மழையில் பாதை சேறாகக் கிடந்தும் வண்டி அழகாகப் போனது. கம்பத்தில் இறங்கினதும் பாலகிருஷ்ணன் என்கிற தோட்டத்துப் பையன் ஓடி வந்தான், எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி பூவம்மாவுக்கு இரத்தம் போகிறது என்று. போய்ப் பார்த்தேன். என் கையால் ஆகக்கூடியது இல்லை, உடனே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, மாமியார் தலையை மடியில் தாங்க, புருஷன் முன்னால் கோவிந்தசாமி பக்கத்தில் ஏற, நான் அவள் காலடியில் குந்திக்கொண்டேன். பர்லாங்கு தூரம்கூடப் போகவில்லை. பாதை நடுவிலிருந்த மேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது, சக்கரம் சேற்றில் சும்மா சுற்றியது. அவளைத் தவிர எல்லாரும் இறங்கித் தள்ளினோம், அசையவில்லை. "மிஸ்ஸி, வண்டி ஏன் நிக்குது? புள்ள அசையவே இல்லயே" என்று பூவம்மா கேட்டாள். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறதா என்று குனிந்தால், என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. இருபது நிமிடம், ராஜு. அதற்கப்புறம்தான் ஒரு சீனர் கீரை ஏற்றின லாரியோடு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கூடைகளைத் தூக்கிச் சேற்றில் எறிந்துவிட்டு இடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, நாலு இறாத்தல்தான், அழுதுவிட்டது. பூவம்மாவுக்கு மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், நேற்று எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அன்லேடன் என்றால் ஆளும் சுமையும் ஏறாத வண்டியாம், ஐந்து பேர் ஏறினால் அந்த ஆறரை அங்குலம் குறைந்துவிடும். என் வேலைக்கு ஆளில்லாத வண்டி எதற்கு?

வெள்ளிக்கிழமை வேறு கடைக்குப் போனேன். முப்பத்தெட்டு குதிரைச் சக்திதான், உயரமான, பார்வைக்கு அழகில்லாத வண்டி. கடை ஆட்களில் ஐந்து பேரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, தையல் டேப்போடு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு நானே அளந்தேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஏழு அங்குலம் இருந்தது. எழுந்து கையெழுத்துப் போட்டேன்.

குளிர் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்பாள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் நலம் நாடும் அம்மா,
ரத்தினம்மா